மேக்கா, விண்டோஸா? விசாரித்துச் சொல்கிறேன்

விசாரிப்பாளர் என்றொரு இனம் பெங்களூரில் செழித்து வளர்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடையில் நிற்பார், வாங்க மாட்டார். வாங்கவே மாட்டார் என்றும் சொல்லிவிட முடியாது, விசாரித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

லிங்கராஜபுரத்து அமல் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். மகள் மோனிகா ஆறாம் வகுப்புக்குப் போனபோது, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று முடிவானது. மேக்கா, விண்டோஸா என்பது மட்டும்தான் பாக்கி. மோனிகா இப்போது எட்டாம் வகுப்பு.

மனுஷன் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில் நிற்கிறவர்களைப் பிடித்துக் கேட்பார், ஆபீஸ் லிஃப்டில் கேட்பார், சிவாஜிநகரில் கறி வாங்கப் போன இடத்தில் முன்னால் நிற்பவரின் தோளில் லேப்டாப் பை தொங்கினால் அவரையும் கேட்பார், மேக் பத்து வருஷம் உழைக்கும் என்று ஒருவர் சொன்னால் தலையாட்டிக் குறித்துக்கொள்வார், பள்ளிக்கூடத்தில் விண்டோஸ்தானே சொல்லித்தருகிறார்கள் என்று அடுத்தவர் சொன்னால் அதற்கும் அதே தலையை ஆட்டுவார். எல்லாம் எக்செல் தாளில் ஏறும். நாற்பத்து மூன்று வரிகள். இருபத்தேழாவது வரி: 'சின்னவன் சாம்பார் கொட்டினால்.' அந்தத் தாள் இருப்பது ஆபீஸ் லேப்டாப்பில். அதைப் பிள்ளைகள் தொடக் கூடாது.

ஷோரூம் விற்பனையாளர் நரேஷ் இப்போதெல்லாம் அவருக்கு எதையும் விளக்குவதில்லை. கூட்டம் அதிகமானால், "சார், இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடுங்க" என்று புது ஆட்களை அவர் பக்கம் அனுப்பிவிடுகிறார். அமல் சொல்லிக் கேட்டு வாங்கிப் போனவர்கள் பலர்.

போன திங்கட்கிழமை மோனிகா வந்து நின்றாள். பள்ளிகளுக்கிடையே அனிமேஷன் போட்டி. வெள்ளிக்கிழமைக்குள் படத்தை அனுப்ப வேண்டும். இரண்டு மாதமாக நோட்டில் வரைந்து வைத்திருந்த கதை அது.

"வெள்ளிக்கிழமைதானே? அதுக்குள்ள முடிவு பண்ணிடலாம்டா."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். செவ்வாய்க்கிழமை மேக். புதன்கிழமை விண்டோஸ். வியாழக்கிழமை, அடுத்த மாதம் புது மாடல் வருகிறதாம் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்கள். அவசரப்பட்டு வாங்கிவிட்டு அப்புறம் யார் வருத்தப்படுவது?

ஆனாலும் வெள்ளிக்கிழமை மதியம் மனசு கேட்கவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்து, பள்ளி விட்டு வந்த மோனிகாவிடம், கிளம்பு, கடைக்குப் போகலாம் என்றார்.

"அனுப்பிட்டேன் டாடி. மாடி வீட்டு ஸ்ரீவித்யா ஆன்ட்டி வீட்ல உக்காந்து நாலு நாளா செஞ்சேன்."

நாலு நாளாக மகள் சாயங்காலம் எங்கே இருந்தாள் என்றுகூடத் தனக்குத் தெரியவில்லையே என்று அமலுக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னார்.

"அவங்க வீட்ல மேக்கா, விண்டோஸா?"

"பாக்கல டாடி."

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி ஜோசஃபின் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அமல் ஆபீஸ் லேப்டாப்பில் அந்த எக்செல் தாளைத் திறந்து, மேக், விண்டோஸ் இரண்டுக்கும் பக்கத்தில் 'மாடி வீடு' என்று மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தார். நாற்பத்து மூன்று வரியிலும் அதுதான் ஜெயித்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தீர்களே, கடைசி வரியிலாவது எது நல்லது என்று சொல்லிவிடுவேன் என்றுதானே?