ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னார்

ரகசியம் காக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். ரகசியத்தை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறவர்களையும் தெரியும். அவர்களிடம் நாம் ஜாக்கிரதையாக இருந்துகொள்வதால் பெரிய சேதம் கிடையாது. நான் சொல்லப்போவது இரண்டிலும் சேராத மூன்றாவது இனம். இவர்கள் யாரிடமும் எதையும் சொல்லமாட்டார்கள். ஜெபிப்பார்கள்.

இந்த இனத்துக்கு அப்பழுக்கில்லாத மாதிரி ஒருவர் எங்கள் இல்லத்தில் இருக்கிறார். நம் ஊரிலிருந்து கடல் தாண்டி இந்த நாட்டுக்கு ஊழியம் செய்ய வந்தவர். இங்கே அநாதை விடுதிகளில் வளர்ந்து, பதினெட்டு வயதானதும் 'இனி உன் பாடு' என்று வெளியே விடப்பட்ட பிள்ளைகளை ஒரு வீட்டில் சேர்த்துவைத்து, சட்டைக்கு இஸ்திரி போடுவது, பாங்கில் கணக்குத் தொடங்குவது, வேலை கேட்டுப் போன இடத்தில் நகம் கடிக்காமல் உட்காருவது என்று தாய் தகப்பன் சொல்லித்தர வேண்டியதையெல்லாம் சொல்லித்தருகிற மிஷனரி. பிள்ளைகளுக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அக்கா. அண்ணன் மனைவி அண்ணிதானே என்று கேட்காதீர்கள், ஊழியத்தில் அக்காதான். நான் அங்கே தையல் சொல்லிக்கொடுக்கிறவள். அண்ணன் தங்கமான மனிதர். அதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு இடம் கிடைக்காது.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? தலையைப் பாருங்கள். பேசும்போது லேசாக ஒரு பக்கம் சாயும்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன் அண்ணா."

"இல்ல, உண்மையிலேயே எப்படி இருக்கே?"

அந்த இரண்டாவது கேள்விக்குத் தாக்குப்பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து யாரும் ஒரு தரம்கூட ஒழுங்காகக் கேட்காத பிள்ளைகளிடம் ஒருவர் இரண்டு தரம் கேட்டால் என்ன ஆகும்? கொட்டிவிடுவார்கள். கொட்டியவுடன் அண்ணன் அவர்களுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அது மாடிப்படியாக இருக்கலாம், பஸ் ஸ்டாப்பாக இருக்கலாம், அடுப்படியாக இருக்கலாம். பால் பொங்கி அடுப்பே அணைந்தாலும் ஆமென் வராமல் கையை விடமாட்டார். இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரும். அன்றைக்குத்தான் போனில் ஜெபக்கூட்டம். ஊர் சபையார், இங்கத்திய சபையார், இல்லத்துக்கு உதவி செய்கிறவர்கள், அவர்களுடைய மாமியார்கள் என்று எல்லோரும் இணைப்பில் இருப்பார்கள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"பேர் சொல்ல விரும்பல ஆண்டவரே. ஆனா எங்க வீட்டுல, மாடியில, ஜன்னலோரக் கட்டில்ல படுக்கிற, பல்லுக்குக் கம்பி போட்ட அந்தத் தம்பியோட கோபத்தை எடுத்துப்போடும்."

ஆண்டவருக்கு அந்தத் தம்பியைத் தெரியாதா? தெரியும். இணைப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக அண்ணன் தமிழில் ஒரு முறையும் இந்த நாட்டு மொழியில் ஒரு முறையும் ஜெபிப்பார். இந்த நாட்டு மொழி அவருக்குச் சரளமில்லை. ஆகையால் நிறுத்தி நிதானமாக, காது மந்தமானவர்களுக்கும் விளங்கும்படி ஜெபிப்பார்.

இப்படியிருக்க, பேக்கரிக்காரி வந்து சேர்ந்தாள். பேக்கரியில் வேலை பார்ப்பதால் வந்த பேர். இல்லத்திலேயே நெட்டையான பெண், அதிகம் பேசமாட்டாள், துணி வெட்டும்போதுகூடக் கத்தரிக்கோல் சத்தம் கேட்காது. அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு சொந்தம் இருப்பது தெரியவந்திருந்தது. சித்தி. சின்னக் குழந்தையாக அவளை விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போன அதே சித்தி, இப்போது விசாரித்துக் கண்டுபிடித்து, சனிக்கிழமை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். அதோடு ஒரு வேண்டுகோளும். 'நீ மட்டும் வா. எனக்கு யார் முகத்தையும் பார்க்கத் துணிச்சல் இல்லை.'

பேக்கரிக்காரி பல நாள் யோசித்து, இரண்டாவது கேள்வியில் உடைந்து, அண்ணனிடம் சொன்னாள். அவர்கள் பேசியதை நம் மொழியில் தருகிறேன்.

"யாருக்கும் சொல்லாதீங்க அண்ணா."

"ஆண்டவரைத் தவிர யாருக்கும் சொல்லமாட்டேம்மா."

வாக்குத் தவறவில்லை அவர். ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை, இரண்டு மொழியில், டீக்கடை பேரோடு.

புதன்கிழமை பேக்கரி முதலாளியம்மா மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு கண்கலங்கினாள். வியாழக்கிழமை அடுத்த தெருக்காரர் ஒருவர் சித்திகளை மன்னிப்பதைப் பற்றி அவளுக்கு விளக்கம் சொன்னார். சனிக்கிழமை அவள் டீக்கடைக்குப் போனபோது மூலை மேஜையில் சபைப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். சும்மா டீ குடிக்க வந்தோம் என்றார்கள். டீயை யாரும் தொடவில்லை. சித்தி வாசலில் வந்து நின்றாள். தன்னையே பார்க்கிற மூன்று ஜோடி ஈரக் கண்களைப் பார்த்தாள். வந்த வழியே போய்விட்டாள். இவள் வெளியே ஓடிப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் தைத்துக்கொண்டிருந்த பாவாடையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். அவள் கோபப்படவில்லை. அண்ணன் முன்னால் போய் நின்று கேட்டாள்.

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னேனே அண்ணா?"

"யாருக்கும் சொல்லலம்மா. ஜெபம்தான் பண்ணினேன்."

முகத்தில் துளிப் பொய் இல்லை. அதுதான் இந்த இனத்தின் விசேஷம். பொய்யனாக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். இவரை என்ன செய்வது? உடைந்த குரலில் அவளுக்காக மறுபடி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார், கையைப் பிடித்துக்கொண்டு. அவள் ஆமென் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் இல்லத்தில், சபையார் பாஷையில் சொன்னால், பெரிய எழுப்புதல், அதாவது ஆவிக்குரிய மறுமலர்ச்சி, உண்டாயிற்று. தலை ஒரு பக்கம் சாயும். எப்படி இருக்கே? நல்லா இருக்கேன் அண்ணா. உண்மையிலேயே எப்படி இருக்கே? உண்மையிலேயே நல்லா இருக்கேன் அண்ணா, ஸ்தோத்திரம். பல்லுக்குக் கம்பி போட்டவன் நல்லா இருந்தான். வேலை போனவன் நல்லா இருந்தான். காய்ச்சலில் கிடந்தவள் போர்வைக்குள்ளிருந்தே நல்லா இருந்தாள். அண்ணன் பூரித்துப்போனார். செவ்வாய்க்கிழமை சாட்சி சொன்னார்: "எங்க பிள்ளைங்களுக்கு இப்ப ஒரு பிரச்சினையும் இல்ல. கேட்டுப் பாத்துட்டேன்."

அக்காவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்கள்.

"எல்லாரும் ஏன் இவ்வளவு நல்லா இருக்காங்க?"

"ஜெபத்துக்குக் கிடைச்ச பதில்மா" என்றார் அண்ணன்.

அக்கா துடைத்த இடத்தையே இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார்கள். இன்றைக்கும் அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். உண்மையான பதில் சொல்லத்தான் யாரும் இல்லை. அந்த நல்ல மனிதருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் என்ன இருக்கிறது? அது அவருக்குத் தெரியவும் தெரியாது. சொல்லவும் பயமாக இருக்கிறது, அதற்கும் ஜெபித்துவிடுவார்.

இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நாம் அப்படியில்லை என்று நிம்மதியும் வந்திருக்கும். நீங்கள் ஜெபிக்கிறவராகவே இல்லாமல் இருக்கலாம். 'அக்கறையில சொல்றேன்', 'உனக்கு மட்டும் சொல்றேன்', 'பாவம், அவ நல்லா இருக்கணும்' என்று ஆரம்பிக்கிறவராக இருக்கலாம். அதெல்லாம் போகட்டும். இதுவரை எழுதியது எல்லாம் பேக்கரிக்காரியிடம் அனுமதி கேட்டுவிட்டு எழுதியது. மேற்கொண்டு நடந்ததை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

சித்தியை மறுபடி பார்த்தாளா, பார்த்தாளென்றால் எங்கே, என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறதா? வம்புக்கு இல்லை, எனக்குத் தெரியும். அந்தப் பெண் மேல் உள்ள அக்கறையில்தானே கேட்கிறீர்கள்?

அண்ணனும் அப்படித்தான்.