இரண்டு சதவீதக்காரர்

மொபைல் செயலி தயாரிக்கிற எந்த அலுவலகத்துக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். காபி இயந்திரம் பழுதாகிக் கிடக்கலாம், ஏசி ஒழுகலாம், கூட்ட அறையின் கதவு சாத்தினால் திறக்காமல் போகலாம். ஆனால் இரண்டு சதவீதக்காரர் என்கிற ஜீவராசி இல்லாத அலுவலகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. மூன்று நாடுகளில் வேலை பார்த்தாயிற்று.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கூட்டத்தில் தன் போனைக் குப்புறத்தான் வைப்பார். பின்பக்கம் எத்தனை கேமரா என்று நமக்குத் தெரிய வேண்டாமா? அவருக்குப் பிடித்த எண் இரண்டு. பிடித்த கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் யாருங்க அதை வெச்சிருக்காங்க?"

'அது' என்றால் பழைய இயங்குதளம். போனுக்குள் உட்கார்ந்து போனை ஓட்டுகிற அந்த மென்பொருளுக்கு வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு பிறக்கும். பழைய போன்கள் ஓரளவுக்கு மேல் புதியதை ஏற்காது. எனக்கு இது போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் போன்களிலும் செயலி ஓட வேண்டுமானால் யாராவது பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகச் சோதித்து, தனியாக ஒட்டுப்போட வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் அப்படி உட்காருகிறவர் சோதனைப் பிரிவுப் பெண்மணி. அவருடைய மேசை இழுப்பறையில் பதினொரு பழைய போன்கள் உண்டு. ஒன்றுக்குக் கண்ணாடி விரிசல், ஒன்றின் முதுகு மூடியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருக்கும். காலையில் வந்ததும் வரிசையாகச் சார்ஜ் போடுவார். அந்த இழுப்பறைக்கு முதியோர் இல்லம் என்று பெயர் வைத்தவர் எங்கள் இரண்டு சதவீதக்காரர்தான். கடந்து போகும்போதெல்லாம் நலம் விசாரிப்பார்.

"என்ன மேடம், எல்லாரும் எழுந்துட்டாங்களா?"

"பத்துப் பேர் எழுந்துட்டாங்க சார். ஒருத்தர் யோசிக்கிறார்."

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிச் செயலி. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவதிலிருந்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவது வரை எல்லாம் அதில்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் நடந்தது. நம் ஆள் ஆரம்பித்தார்.

"ஏழாம் பதிப்பும் அதுக்குக் கீழ இருக்கறதும் சேர்த்தே ரெண்டு சதவீதம்தான். வெட்டிடலாம்."

"ஆறு லட்சம் பேர்ல ரெண்டு சதவீதம்னா பன்னிரண்டாயிரம் பேர் சார்," என்றார் பெண்மணி.

"அப்டேட் பண்ணிக்கட்டும்."

"அந்தப் போன்லாம் அப்டேட் ஆகாது சார்."

"அப்ப புதுசு வாங்கட்டும்."

சிரித்தோம். வெட்டினோம். நானும்தான் கை தூக்கினேன். வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். பழைய போனில் செயலியைத் திறந்தால், 'இந்தப் போனில் இனி இயங்காது, மன்னிக்கவும்' என்று ஓர் அறிவிப்பு வரும்படி ஏற்பாடு. மன்னிப்பு என்ற சொல்லை அவரே முன்னின்று சேர்த்தார். இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

இரண்டு வாரம் போயிற்று. அடுத்த கூட்டத்தில் அவர் திரையில் ஒரு பெரிய பூஜ்யத்தைப் போட்டார்.

"புகார் எத்தனை? பூஜ்யம். அப்பவே சொன்னேனே, அங்க யாருமே இல்லைன்னு."

அப்போது அவருடைய போன் அடித்தது. அம்மா. துண்டித்தார். திரும்ப அடித்தது. துண்டித்தார். மூன்றாம் முறை எடுத்தார். புதுப் போன், ஒலி அபாரம். அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"வேலையா இருக்கியாப்பா?"

"மீட்டிங்ல இருக்கேன்மா. சொல்லு."

"ஒண்ணுமில்ல, அப்புறம் பேசறேன்."

"பரவாயில்ல, சொல்லும்மா."

"கண் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்கல்ல, வரேன்னு நேத்து சாயங்காலத்துக்குள்ள ஆப்ல அமுக்கணுமாம். மூணு நாளா வெறும் வெள்ளையா நிக்குது. நான்தான் எதையோ தப்பாத் தொட்டுட்டேன் போலருக்கு."

"மூணு நாளா? ஏம்மா சொல்லல?"

"உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான். ஆஸ்பத்திரிக்கும் பேசிட்டேன். ஆப்ல சொல்லாததால தேதி வேற ஆளுக்குப் போயிடுச்சாம். இனிமே ஏழு வாரம் கழிச்சுத்தான். இருக்கட்டும், இடது கண்ணு நல்லாத்தானே தெரியுது. போனைத் திட்டாதே, நல்ல போன்பா. நீ குடுத்தது."

அவர் புதுப் போன் வாங்கிய அன்று கொடுத்தது. நம் வீடுகளில் போன் அப்படித்தான் இறங்கி வருகிறது: புதியது மகனுக்கு, அவன் கழித்தது அம்மாவுக்கு. அந்த இரண்டு சதவீதத்தை உற்பத்தி செய்கிறவர்கள் வேறு யார் என்று நினைத்தீர்கள்?

அவர் போனை வைத்துவிட்டுச் சோதனைப் பிரிவுப் பெண்மணியிடம் திரும்பினார். "அறிவிப்பு வரணுமே. ஏன் வெள்ளையா நிக்குது?"

பெண்மணி எழுந்து போய் ரப்பர் பேண்ட் போட்ட போனை எடுத்துவந்து திறந்து காட்டினார். வெள்ளை.

"வெட்டினப்புறம் பழைய போன்ல சோதிக்கல சார். அந்த அறிவிப்புப் பக்கத்தையும் புது முறையிலதான் செஞ்சிருக்கோம். அதைப் படிக்கவே புதுப் போன் வேணும்."

"புகார் பண்ணியிருக்கலாமே?"

"புகார் பட்டன் ஆப்புக்குள்ள இருக்கு சார்."

திரையில் அந்தப் பூஜ்யம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் பன்னிரண்டாயிரம் பேர் உட்கார்ந்து, நான்தான் எதையோ தப்பாகத் தொட்டுவிட்டேன் என்று விரலை நொந்துகொண்டிருந்தார்கள். தன் மேல்தான் தப்பு என்று நினைக்கிறவர் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்?

மனிதர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். திருந்தினார், அன்றைக்கே. மதியம் அவசரக் கூட்டம் போட்டார்.

"ஏழாம் பதிப்பை உடனே திரும்பச் சேர்க்கணும். எல்லாத்தையும் எண்ணிக்கையா மட்டும் பாக்கக் கூடாது. அந்தப் பக்கம் மனுஷங்க இருக்காங்க."

அம்மாவின் போனில் ஓடுவது ஏழாம் பதிப்பு.

"ஆறாம் பதிப்பு சார்?" என்றார் பெண்மணி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கபடம் இல்லை, உண்மையான குழப்பம்தான்.

"ஆறா? இன்னும் யாருங்க அதை வெச்சிருக்காங்க?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் அன்று மாலை ஊரிலிருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டு, அமைப்புகளுக்குள் போங்கள், இன்னும் கீழே, இன்னும் கீழே என்று கால்மணி நேரம் வழிகாட்டி, அவர் போனில் எத்தனையாவது பதிப்பு என்று படிக்கச் சொன்னேன். எட்டு என்றார். அப்பாடா என்று வைத்துவிட்டேன். ஆறைப் பற்றி அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனாலும் கேட்டு வைக்கிறேன். போன தடவை புதுப் போன் வாங்கினீர்களே, பழையது இப்போது யாரிடம் இருக்கிறது? அவர் கடைசியாகக் கூப்பிட்டபோது, "ஒண்ணுமில்ல" என்றுதானே ஆரம்பித்தார்?