போட்டுக்கொடுக்கும் ஆர்.என்.ஏ.

நிரம்பிய பாட்டிலைக் குளியலறை பக்கெட்டுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வெளியே வந்த கந்தசாமிக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அவரே பிடித்ததுதான். ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் தைரியம் வரவில்லை.

பாட்டில் கொடுத்தவள் மகள் ஸ்நேஹா. புனேயில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ரத்தப் பரிசோதனையில் அப்பாவின் புராஸ்டேட் சந்தேகப்படும்படி இருக்கவே, புதிதாய் வந்திருந்த சிறுநீர்ச் சோதனையில் அவரைச் சேர்த்துவிட்டாள்.

"நீளமா ஒரு ஆர்.என்.ஏ. இருக்குப்பா. புரோட்டீன் கீட்டீன் எதுவும் செய்யாது, சும்மா வெட்டியா சுத்தும். ஆனா கேன்சர் இருந்தா யூரின்ல வந்து போட்டுக்குடுத்துடும். நம்ம சொசைட்டி ஆளுங்க மாதிரி."

யாரைச் சொன்னாளோ, அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் எங்களுக்கெப்படித் தெரியும்?

மேல்வீட்டு மகாதேவன் தினமும் எங்கள் விஷ்ராந்த்வாடிப் பேட்டையைச் சுற்றி ஓடுகிற கல்லுக்குண்டு. உபரியாக இருந்த காலி பாட்டிலை அவர் கையில் திணித்து, ஏன் எதற்கென்று கேட்கக் கூடாதென்று கெஞ்சி, தன் குளியலறைக்குள்ளேயே தள்ளினார் கந்தசாமி. பாட்டிலும் கையுமாய் மாடிப்படி இறங்கினால் எங்கள் கண்ணில் பட்டுவிடுமே.

வெகுநேரம் கழித்து மகாதேவன் நீட்டிய பாட்டில் ஆய்வகம் போனது. தன்னுடையதைக் கொட்டப் போனால் அது காலியாகக் கிடந்தது. பாத்திரம் தேய்த்து பாத்ரூம் கழுவ வரும் வேலைக்கார பாயி கொட்டியிருப்பாள் என்று விட்டுவிட்டார்.

முடிவு வந்தது. ஆர்.என்.ஏ. எக்கச்சக்கம்.

ஸ்நேஹா அழுதாள். மனைவி அமலா சோறு இறங்காமல் படுத்துவிட்டாள். கந்தசாமியும் அழுதார், மகாதேவனுக்காக. மகள் பயாப்ஸிக்கு நாள் குறிக்கக் குறிக்க, பல்வலி, கிரகணம் என்று தட்டிக்கழித்தார். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மகாதேவன் போய்விடுவார்.

முகக்களை சரியில்லை, புராஸ்டேட்டை முழுசாய்ப் பாருங்கள் என்று மிரட்டி மகாதேவனை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அந்த மனுஷன் பயத்திலேயே பாதியாகி, ஓடுவதையும் நிறுத்தினார். மாதக்கணக்கில் ஸ்கேன், ஊசிக் குத்தல். கடைசியில் எல்லாம் சுத்தம்.

கந்தசாமிக்கு உயிர் திரும்பியது. ஆர்.என்.ஏ.வாம், பெரிய ஆர்.என்.ஏ.! பேடா டப்பாவோடு மாடியேறி, பாட்டில் மாற்றிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

மகாதேவன் தரையைப் பார்த்தார். அவர் மனைவி தர்மாம்பாள் பேடாவைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, இவருக்கு அடுத்தவங்க வீட்டு பாத்ரூம்ல வராது. பக்கெட்டுக்குப் பின்னாடி ஏற்கெனவே ரொம்பியிருந்ததத்தான் ஊத்திக் குடுத்தாராம்."