புகை விட்ட மின்சார ரயில்

கம்பம் நட்டாயிற்று, கம்பி இழுத்தாயிற்று, பச்சை வண்ணம் அடித்த புது மின்சார எஞ்சினும் ஸ்டேஷனில் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றாயிற்று. கம்பியில் கரண்ட்தான் இல்லை. அதைக் கொடுக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் யூரல் மலைக்கு அந்தப்பக்கம் எந்தக் கொட்டகையில் கிடக்கிறதோ, ஒருவருக்கும் தெரியவில்லை. விடிந்தால் மாஸ்கோவிலிருந்து பாதையைத் திறந்துவைக்க ஆள் வருகிறார்.

நீராவி வண்டி ஓடிய பாதையை மின்பாதையாக மாற்றத் திட்டம் வரைந்தவள் தயீசியா யெகோரொவ்னா. வண்டி ஓடாவிட்டால் திட்டு விழும். அது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் நவம்பர் புரட்சி விழாவுக்குள் ஓடிவிட்டால் புதுக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில், தனி வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளும் கணவனும் மாமியாரோடு ஒரே அறையில், நடுவே திரை கட்டிக் குடித்தனம் நடத்தினார்கள். கணவனிடம் அவள் ரகசியம் பேசினால் திரைக்கு அந்தப்பக்கமிருந்து மாமியார் பதில் சொல்வாள். அந்த வீட்டுக்காக தயீசியா என்ன வேண்டுமானாலும் செய்வாள்.

அலுவலகத் தலைவர் அனீசிம் கார்ப்போவிச்சிடம் ஓடினாள். சிக்கல் வந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது அவர் வழக்கம். இப்போதும் பார்த்தார்.

"ரயில் ஓடணும்னுதான் உத்தரவு. எதால ஓடணும்னு அதுல தெளிவா இல்லையே," என்றார்.

தயீசியாவுக்குப் புரிந்துவிட்டது. நேரே நீராவி எஞ்சின் டிரைவர் ப்ரோகோரிடம் போனாள். வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

"என் எஞ்சினைப் பழைய இரும்புக்கு அனுப்புறதுக்குத்தானே இந்த விழா? அதுக்கு நானே வந்து தள்ளணுமா, யெகோரொவ்னா?"

அவள் மாமியார் கதையைச் சொன்னாள். ப்ரோகோருக்கும் மாமியார் உண்டு. மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான்.

நீராவி எஞ்சினைச் சுற்றிப் பலகை அடித்து, பெட்டி மாதிரி வண்ணம் பூசி, சிவப்புத் துணியும் கட்டினார்கள். பார்த்தால் அசல் பெட்டியேதான். புகையை மட்டும் எந்தத் துணியால் மூடுவது?

மறுநாள் காலை மாஸ்கோவிலிருந்து வந்து இறங்கினார் லெவோன்தியெவ். பருத்த மனிதர், நெடும்பயணத்தில் கசங்கிப்போயிருந்தார். ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோலைக் கையில் வாங்கியவர், வண்டியின் வாலைப் பார்த்து அப்படியே நின்றார்.

"மின்சார வண்டியில ஏன் புகை வருது?"

அனீசிம் கார்ப்போவிச் வானத்தைப் பார்த்தார். பார்க்க ஜன்னல் இல்லை, பாவம்.

"அது குளியல் பெட்டி, தோழர். தண்டவாளத் தொழிலாளிங்களுக்காக," என்று தயீசியாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெட்டிகள் உண்டுதான், அதனால் பொய் எடுபட்டுவிட்டது. ஆனால் லெவோன்தியெவின் முகம் மலர்ந்துவிட்டது. கிளம்பியதிலிருந்து உடம்பில் தண்ணீர் படவில்லையாம். வண்டி போகப்போக அவர் குளித்துக்கொண்டே வருவாராம்.

பேண்டுக்காரர்களை விட்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிவிட்டு, நீராவி எஞ்சினுக்கு முன்னால் ஒரு காலிச் சரக்குப் பெட்டியைச் செருகினார்கள். உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு பீப்பாய், ஆவிக் குளியலில் முதுகில் அடித்துக்கொள்ள பிர்ச் இலைக் கொத்து. பாய்லரிலிருந்து ஒரு குழாய்.

வண்டி கிளம்பிற்று. முன்னால் மின்சார எஞ்சின் டிரைவர் வெறும் கைப்பிடியைப் பிடித்தபடி கூட்டத்துக்குக் கையாட்டினான். பின்னால் லெவோன்தியெவ், இன்னும் கொஞ்சம் ஆவி, இன்னும் கொஞ்சம் ஆவி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேட்டில் ஏறும்போது வண்டி தள்ளாடியது. ப்ரோகோர் பலகைச் சந்தில் தலையை நீட்டினான்.

"ஒண்ணு, இவர் குளிக்கணும். இல்ல, வண்டி ஓடணும். ரெண்டுக்கும் என்கிட்ட நீராவி இல்ல, யெகோரொவ்னா."

ஆவியை நிறுத்தினால் மனிதர் துண்டைக் கட்டிக்கொண்டு விசாரிக்கப் பின்னால் வந்துவிடுவார். வந்தால் வீடு போச்சு. குளிக்கட்டும் என்றாள். வண்டி நடுக்காட்டில் நின்றது.

"ஏன் நின்னுடுச்சு?" என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீங்க சோப்புல வழுக்கி விழுந்துடக் கூடாதுன்னுதான், தோழர்."

தயீசியா பெட்டியின் பலகையில் காதை ஒட்டிவைத்தாள்.

"இதான் மின்சாரம்கிறது," என்றது குரல், நெகிழ்ந்துபோய். "அந்த ஓட்டை நீராவி எஞ்சினா இருந்தா இவ்வளவு பதமா நிக்குமா?"

ப்ரோகோர் கரி அள்ளும் கரண்டியோடு இறங்கப் பார்த்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

குளியல் முடிந்து, நீராவி மறுபடி சேர்ந்து, வண்டி ஒருவழியாகக் கடைசி ஸ்டேஷனைத் தொட்டது. பீட்ரூட் நிறத்தில் இறங்கிய லெவோன்தியெவ், இப்படியொரு மின்பாதையை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் அனீசிம் கார்ப்போவிச் வண்டி ஜன்னலிலிருந்து திரும்பி, துணிச்சலைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

சாயங்காலமே சாவி கைக்கு வந்துவிட்டது. மாமியார் சந்தோஷமாகத் திரையைக் கழற்றினாள். கணவன் மெத்தையைத் தோளில் போட்டுக்கொள்ள, தயீசியா சட்டிபானைகளோடு புதுக் கட்டடத்துக்குப் பறந்தாள். வாசலில் சிவப்புத் தோரணம், படியெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசனை. முதல் மாடி தாண்டி, இரண்டாவது தாண்டி, மேலே ஏறினால் அவளுடைய எண் எழுதிய கதவு. சாவி வழுக்கிக்கொண்டு திரும்பிற்று. இனிமேல் யார் காதும் இல்லாத வீடு என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கதவைத் திறந்தாள். அந்தப்பக்கம் ஆகாயம் இருந்தது. பனி பெய்துகொண்டிருந்தது.

செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார் கட்டட மேஸ்திரி. டிரைவர் ப்ரோகோரின் தம்பிதான். மூன்றாவது மாடி எங்கே என்று அவள் கேட்டதற்கு அவர் எழுந்துகூட நிற்கவில்லை.

"உங்க ரயில் எந்தக் கரண்ட்ல ஓடுச்சோ, அதே கரண்ட்லதான் மூணாவது மாடியையும் கட்டியிருக்கோம், யெகோரொவ்னா."