அனுமதியின்றி ஆறிய முனை

இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம், ஹைதராபாத் பக்கம் போலாரத்துக்கு அப்பால் நிஜாம் சர்க்காரின் பயிர்ப் பண்ணை ஒன்றில் லூர்துமேரி மக்காச்சோளம் வளர்த்துக்கொண்டிருந்தாள். செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மகள். மதராஸில் தாவரவியல் படித்தவள்.

சோளத்தின் செல்லுக்குள் நூல் மாதிரி குரோமோசோம்கள் உண்டு. ஒன்று அறுந்தால், அறுந்த முனை இன்னொரு அறுந்த முனையோடு போய் ஒட்டிக்கொள்ளும். செல் இரண்டாகப் பிரியும்போது மறுபடி அறும். ஆனால் விதைக்குள் இருக்கும் கருவில் மட்டும் அந்த முனை புண்போல ஆறிவிடுகிறது, பிறகு எதோடும் ஒட்டுவதில்லை. இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்த லூர்துமேரிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆறியது அடுத்த தலைமுறையிலும் ஆறியபடியே இருக்குமா? தெரிய வேண்டுமானால் அந்தச் செடிகளின் கதிர் முற்றி விதையாக வேண்டும்.

“உடைந்த முனையைச் செல்லே பழுதுபார்த்துக்கொள்கிறது” என்று மேலிடத்துக்கு எழுதினாள். ‘பழுது’ என்ற சொல்லைக் கண்ட மேலிடம், விஷயத்தை உரிய மரியாதையுடன் கட்டடப் பழுதுபார்ப்புப் பிரிவுக்கு அனுப்பியது. அதன் சூப்பிரண்டு வேதாசலம் நேரிலேயே வந்துவிட்டார்.

“சர்க்கார் சொத்தை ரிப்பேர் செய்தது யாரம்மா?”

“செல்தான் சார்.”

“அவர் எந்த ஊர் கான்ட்ராக்டர்?”

“கான்ட்ராக்டர் இல்லை சார். சோளத்துக்குள்ளேயே இருக்கிறது. யாரையும் கேட்காமல் சரிசெய்துகொள்கிறது.”

“நக்கோம்மா, நக்கோ!” என்று ஹைதராபாத் உருதுவில் மறுத்தார் வேதாசலம். “எங்களைக் கேட்காமல் எதுவும் சரியாகக் கூடாது.”

“சரியாகாவிட்டால் ஒட்டுவதும் அறுவதுமாகவே கிடக்கும் சார்.”

“கிடக்கட்டுமே! எங்கள் ஆபீஸ் கூரை அப்படித்தான் கிடக்கிறது. நாங்கள் வேலை பார்க்கவில்லையா?”

உடனே வேதாசலத்தையும் சேர்த்து முனைப் பார்வைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. கதிர் பால் பிடித்து, முற்றுவதற்குள் குழு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. லூர்துமேரி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைத்திருந்தாள். யாரும் அதில் குனியவில்லை. குழுத் தலைவர் ஒரு கதிரை ஒடித்து, தோலை உரித்து, “முனை நன்றாகத்தானே இருக்கிறது” என்றார். தூறல் போட்டது. யாரோ கரி மூட்டி, மிளகாய்த்தூள் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

“விதைக்கு விட்டது சார்!” என்று லூர்துமேரி கையை விரித்துக் குறுக்கே நின்றாள்.

“பதறாதீர்கள், உங்களுக்கும் உண்டு” என்றார் வேதாசலம்.

மாலைக்குள் பாத்தி மொட்டையானது. மாதிரிகள் யாவும் உட்கொண்டு ஆராயப்பட்டன என்றும், பழுது ஏதும் எஞ்சவில்லை என்றும் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. வேதாசலம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கடைசிக் கதிரைச் சுட்டு அவள் கையில் கொடுத்தார்.

லூர்துமேரி அழுதாள். அழுதுகொண்டே ஒரு கடி கடித்தாள்.

“மிளகாய்த்தூள் இன்னும் இருக்கிறதா சார்?” என்று கேட்டாள்.