ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கடல்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்பி எழுதுவது. இங்கே உங்கள் தங்கை மிகவும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீட்டை வாங்குகிறவரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஒரு நாள் முன்னதாகத் தனியாக வந்து, உங்கள் தங்கையை வழிக்குக் கொண்டுவர வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலமெல்லாம் உச்சிக் கூண்டில் ஒண்டியாக உட்கார்ந்து பழகியவன் நான். எனக்கு மனிதர்கள் என்றால் கீழே நகரும் தொப்பிகள்தான். வீட்டை விற்றுவிட்டு உங்கள் ஊர்ப் பக்கம் சத்தமில்லாமல் இருந்துவிடலாம் என்றேன், அவளும் சரி என்றாள். ஆனால் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவள் எதற்குமே சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிடலாமா, சரி. விளக்கை அணைக்கலாமா, சரி. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

அப்போதுதான் பழைய வரைபடம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நகரத்தில் கண்ணெதிரே இருந்தும் யாருக்கும் தெரியாத பழைய சங்கதிகளைத் தேடிப்பிடித்து ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது அவள் வேலையாம். ஜவுளிக்கடை மாடிப்படி ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாம். முடிவெட்டும் கடை முனையில் நாம் சைக்கிள் சாய்த்து வைக்கிற தூண், தலைகீழாக நட்ட பீரங்கியாம். இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. ஆனால் அவள் நேராக நம் சமையலறைக்குள் வந்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அம்மா, உங்க அடுப்பு வரைக்கும் கடல் இருந்திருக்கு" என்றாள். அங்கே சுவரில் பெரிய இரும்பு வளையம் ஒன்று இருக்கிறதே, நான் துண்டு காயப்போடுவது, அதில் கப்பல் கட்டினார்களாம். கடலைத் தூர்த்துத் தெரு போட்டவர்கள், துறைச் சுவரை இடிக்கச் சோம்பல்பட்டு அதையே வீட்டுக்குப் பின்சுவராக வைத்துக்கொண்டார்களாம்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். வளையம் தெரிய வேண்டும் என்று ஃபிரிட்ஜ் கூடத்துக்கு வந்தது, அதற்கு இடம் விட்டு நாற்காலிகள் படுக்கையறைக்குப் போயின, நாற்காலிகளுக்கு இடம் விட்டு என் கட்டில் நடைவழிக்கு வந்துவிட்டது, இப்போது வருகிறவர் போகிறவர் எல்லோரும் என் காலைத் தாண்டித்தான் வரலாற்றைப் பார்க்கிறார்கள். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து பழக்க தோஷத்தில் வளையத்தை நோக்கிக் கையை நீட்டினால், கண்ணாடி போட்ட ஒருவர் எனக்கே, என் சமையலறையிலேயே, பழம்பொருளின் அருமை பற்றிப் பாடம் எடுக்கிறார். மத்தியானம் கண்ணயர்ந்திருந்தபோது ஒரு அம்மாள் என்னைப் படம் பிடித்து, இவரும் அந்தக் காலத்தவரா என்று விசாரித்தார். இல்லை, வீட்டோடு வந்தவர் என்கிறாள் உங்கள் தங்கை. சமையலறையைப் படகாகவே நினைத்துவிட்டாள் மச்சான். ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. "உள்ள தள்ளிப் போங்க, எறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. கதையும் வளர்ந்துகொண்டே போகிறது. ஆரம்பத்தில் இங்கே கட்டியது சாதாரணச் சரக்குத் தோணி. இப்போது அதற்கு மூன்று பாய்மரமும் கோபக்கார கேப்டனும் வந்தாயிற்று. இப்படியே விட்டால் அடுப்படியில் கடற்போர் நடக்கும்.

நேற்று பொறுக்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார், இந்தக் கூத்தையெல்லாம் நிறுத்து என்றேன். சண்டை பிடிப்பாள் என்று பார்த்தால், குரலை இறக்கிக்கொண்டு, "நான் வரமாட்டேன்னு சொல்லலைங்க. அங்க வந்தா என்கிட்ட யாரு வழி கேப்பாங்க?" என்றாள். டிக்கெட் ஜன்னலில் நாள் முழுக்க அவளிடம் எல்லோரும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லைதான், ஆனால் எனக்கும் ஒரு கட்டில் போட இடம் வேண்டாமா? ஆகவே நீங்கள் வந்தே தீர வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
நடைவழியில் குடியிருக்கும்
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடக் கிளம்பினேன், பிடித்துக்கொண்டது மழை. உங்கள் தங்கை கடைக்குப் போயிருந்தாள். வாசலில் ஒரு வயதான தம்பதி வளையத்தைப் பார்க்க நனைந்துகொண்டு நின்றார்கள். விரட்டவா முடியும், உள்ளே விட்டேன். நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். சொன்னேன். "மேலேருந்து என்னெல்லாம் தெரியும்?" என்றார். என் சர்வீஸ் முழுவதும் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை மச்சான். திறந்த வாயை என்னால் மூட முடியவில்லை. பெருமழை பெய்தால் நகரத்துக்குள் தண்ணீர் கண்ட இடத்தில் நிற்காது, சந்தை, பள்ளிக்கூடம், நம் தெரு என்று வில்லாக வளைந்து ஒரே கோட்டில் நிற்கும், ஏன் என்று தெரியாமலே வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், அதுதான் பழைய கரை என்று இப்போதுதான் புரிகிறது என்றேன். அப்புறம் என்ன தெரியும் என்றார். சாயங்காலம் டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு என் மனைவி நீலக்குடையோடு போவது தெரியும், அவள் பஸ் ஏறுகிற வரைக்கும் கிரேனை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பையும் கையுமாக அவள் நிற்கிறாள்.

அவர்கள் போன பிறகு, "இத ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள்.

"நீ கேக்கலையே" என்றேன்.

பையைக் கீழே வைத்தாள். என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "இப்பக் கேக்கறேன், சொல்லுங்க" என்றாள்.

ஆகவே மச்சான், வாங்குகிறவரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுங்கள். நீங்களும் இந்த வாரம் வர வேண்டாம். சொல்லி முடிக்க எனக்கு இன்னும் நாளாகும்.