மாப்பிள்ளை கேட்ட பிளாஸ்டிக் பேசின்

ரிங்லெட் தேயிலைத் தோட்டம்
ஐப்பசி, 1986

மதிப்புக்குரிய சம்பந்தி அமிர்தலிங்கம் அவர்களுக்கு, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கு யாவரும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன்.

தலை தீபாவளிக்கு வந்த தங்கள் குமாரரை உடனே ஈப்போவுக்கு அழைத்துக்கொள்ளவும்.

தீபாவளி மறுநாள் மாப்பிள்ளை, மழை விழுந்தால் கூவும் பெட்டி ஒன்று தயாராகப் போவதாகச் சொன்னார். கொடியில் கிடக்கும் துணியை எடுக்க உதவுமாம். இந்த மலையில் மழை வருவதைச் சொல்ல ஒரு பெட்டியா? மழை நின்றால் சொல்லட்டும், மாலை போடுகிறேன். ஆனாலும் மாப்பிள்ளையாச்சே, வாயைத் திறக்க முடியுமா? கோடு கோடாக ஒரு படத்தைக் கொடுத்து, ஆபீஸ் மெஷினில் வழுவழுப்பான தாளில் நகல் எடுத்துவரச் சொன்னார். தாள் சிக்கிக்கொண்டு நான் மெஷினுக்குள் கையை விட்டுத் துழாவும்போது துரை வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தாளைச் செப்புத் தகடு ஒட்டிய அட்டைமேல் கவிழ்த்து, அறைக்குள் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாயிற்று. மை செம்பில் ஒட்டியது. மிச்சம் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியது. அது தெரியாமல் நான் தேய்த்த வெள்ளைச் சட்டை முதுகில் தாப்பா மலை ரோடு மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள்.

போகட்டும் என்று விட்டேன். அடுத்து, மை படாத செம்பையெல்லாம் தின்றுவிடும் ஒரு பழுப்புத் திரவத்தில் அட்டையை ஊறப்போட வேண்டுமாம். மாப்பிள்ளை வந்து பிளாஸ்டிக் பேசின்தான் கேட்டார், அதை நான் மறுக்கவில்லை. என் சம்சாரம் இராசம்மா இருக்கிறாளே, "தலை தீவாளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு பிளாஸ்டிக் பேசினா குடுக்கிறது? லயத்துல நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்று, இருப்பதிலேயே உயர்ந்த பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கி நீட்டினாள். மாமியார் கொடுத்ததை மறுக்கலாகாது என்று அவரும் வாங்கிக்கொண்டார். அது எங்கள் வீட்டுப் பாத்திரம் இல்லை ஐயா. கோவில் தலைவர் என்று என் பொறுப்பில் இருக்கும் அபிஷேகச் செப்புத் தவலை! திரவம் அட்டையையும் தின்றது, தவலையையும் தின்றது. விடிந்து பார்த்தால் அடி சல்லடை. நாளைக்குக் கந்த சஷ்டி. தோட்டமே கூடி நிற்கும், நான் எதில் பாலை ஊற்றுவேன்? தவலை எங்கே என்று கேட்டால் மாப்பிள்ளை கரைத்துவிட்டார் என்பேனா? இத்தனை வருஷம் கட்டிக் காத்த மானம், போச்சு.

பிறகு பேசினிலேயே வேலை முடிந்து, பெட்டி கொடியில் தொங்குகிறது. பனி பட்டாலும் கூவுகிறது. இப்போதும் கூவுகிறது. ஆனாலும் மாப்பிள்ளையை நான் திட்ட முடியாது. பெற்றவர் நீங்கள், திட்டலாம். பஸ் ஏற்றிவிடுகிறேன், ஆசை தீரத் திட்டிக்கொள்ளவும்.

சம்பந்தியம்மாளுக்கு நமஸ்காரம். பிள்ளைகள் எல்லாரும் தீர்க்காயுசாக இருக்கட்டும், அவரவர் வீட்டில்.

இங்ஙனம்,
சிவசாமி

பி.கு.: உறையை ஒட்டுமுன் என் மகள் அம்சவல்லி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, அவரு பேசின் கேக்க மட்டுந்தான் வந்தாரு. படம் போட்டது, தேச்சது, ஊறப்போட்டது எல்லாம் நாந்தான் லா. நீங்க என்னை ஏசுவீங்கன்னு அவரு பேர்ல சொன்னோம்" என்கிறாள். கல்யாணத்துக்கு முன் ஈப்போவில் ரேடியோ பேக்டரி வேலைக்குப் போனாளே, அங்கே கற்றதாம். இத்தனை நாளும் அவள் பழியைத் தன் தலையில் சுமந்திருக்கிறார் மாப்பிள்ளை. தங்கமான மனிதர். மேலே எழுதியதெல்லாம் அடித்ததாகக் கொள்ளவும். மாப்பிள்ளை எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கேயே இருக்கட்டும். அம்சவல்லியைக் காலை பஸ்ஸில் அனுப்புகிறேன். செல்லமாக வளர்த்துவிட்டேன், அவளைத் திட்ட எனக்கு வாய் வராது. கட்டிக் கொடுத்தாயிற்று, இனி அவள் உங்கள் வீட்டுப் பெண்.